வைரஸ் காய்ச்சலின் கடுமையும் உடற்பயிற்சியும்: முன்பு, நடுவில், பின்பு

தினமும் நடப்பவருக்கும் சளி பிடிக்கும். ஃப்ளூ வரும், கோவிட்டும் வரும். வந்தவுடன் "இத்தனை நாள் நடந்ததற்கு என்ன பலன்?" என்று நொந்துபோய் நடையையே விட்டுவிடுபவர்கள் நிறைய. உடற்பயிற்சி கிருமியை உள்ளே விடாமல் தடுத்துவிடும் என்று நம்பினால் இந்த ஏமாற்றம் வரத்தான் செய்யும். அதன் பலன் தெரிவது கிருமி உள்ளே வந்த பிறகு. எத்தனை நாள் படுக்கையில் கிடக்கிறோம், மூச்சு எவ்வளவு வாங்குகிறது, ஆஸ்பத்திரி வரை போகிறதா, எழுந்தபின் பழைய நிலைக்கு வர எவ்வளவு காலம் ஆகிறது என்பதில்தான் வித்தியாசம்.

இதை ஊகமாகச் சொல்லவில்லை. மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்துச் சீர்தூக்கும் காக்ரேன் அமைப்பு 2020-ல் இதே கேள்வியை எடுத்துக்கொண்டது. 14 சோதனைகள், மொத்தம் 1,377 பேர். ஒரு பிரிவினர் பெரும்பாலும் வாரத்தில் குறைந்தது மூன்று நாள், 30 முதல் 45 நிமிடம் பயிற்சி செய்தார்கள், மற்றவர்கள் செய்யவில்லை. ஒருவருக்கு எத்தனை முறை சளி, காய்ச்சல் வந்தது என்று எண்ணிப் பார்த்தால் இரு தரப்புக்கும் பெரிய வேறுபாடு இல்லை. தொல்லையின் கடுமையும், அந்தக் காலம் முழுவதிலும் உடம்பு சரியில்லாமல் போன நாட்களின் எண்ணிக்கையும் மட்டும் பயிற்சி செய்தவர்களுக்குக் குறைந்தன. ஆய்வுகள் சிறியவை என்பதால் சான்றின் உறுதி குறைவு என்றும் அந்தத் தொகுப்பே சொல்கிறது. அதையும் சேர்த்தே மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

பெரிய எண்ணிக்கையில் பார்க்க வாய்ப்பு தந்தது கோவிட். அமெரிக்காவின் தெற்குக் கலிஃபோர்னியாவில் கைசர் பெர்மனென்டே மருத்துவ அமைப்பு, நோயாளி எதற்காக வந்தாலும் "வாரத்தில் எத்தனை நாள், எத்தனை நிமிடம் உடற்பயிற்சி?" என்று கேட்டு, ரத்த அழுத்தத்தோடு சேர்த்துக் குறித்துவைக்கும் வழக்கம் உள்ள இடம். அதனால் 2020-ல் தொற்று வந்த 48,440 பேருக்கு, நோய் வருவதற்கு முந்தைய இரண்டு ஆண்டுகளின் பயிற்சி விவரம் கையில் இருந்தது. காய்ச்சல் வந்தபின் நினைவிலிருந்து சொன்ன கணக்கு இல்லை என்பதால் இந்த ஆய்வுக்கு நான் அதிக மதிப்பு கொடுப்பேன். வாரத்துக்கு 150 நிமிடத்தைத் தொடர்ந்து எட்டியவர்களோடு ஒப்பிட்டால், வாரம் 10 நிமிடத்தைக்கூடத் தாண்டாதவர்கள் மருத்துவமனையில் சேரும் வாய்ப்பு 2.26 மடங்கு, தீவிர சிகிச்சைப் பிரிவுக்குப் போகும் வாய்ப்பு 1.73 மடங்கு, இறக்கும் வாய்ப்பு 2.49 மடங்கு. முதுமையையும் உறுப்பு மாற்று சிகிச்சை செய்துகொண்டதையும் விட்டால், புகைப்பழக்கம், உடல்பருமன், சர்க்கரைநோய், ரத்தக்கொதிப்பு ஆகியவற்றைவிட அசையாமல் இருப்பதுதான் பெரிய ஆபத்துக் காரணியாக நின்றது. இன்னொன்றும் அதில் உண்டு. 150 நிமிடத்தை எட்டாவிட்டாலும் ஏதோ கொஞ்சம் செய்தவர்களும் ஒன்றுமே செய்யாதவர்களைவிட நல்ல நிலையில் இருந்தார்கள். "முழுதாகச் செய்ய முடியாவிட்டால் எதற்கு?" என்று நினைப்பவர்கள் இந்த வரியை இன்னொரு முறை படிக்கலாம்.

சாதாரணச் சளியிலும் இதே போக்குதான். 2011-ல் வெளிவந்த டேவிட் நீமன் குழுவின் ஆய்வில் 1,002 பேரை 12 வாரம் தொடர்ந்து கவனித்தார்கள். வாரத்தில் 5 நாளோ அதற்கு மேலோ பயிற்சி செய்தவர்களுக்குச் சளித்தொல்லை இருந்த நாட்கள், அசையாதவர்களைவிட 43 சதவீதம் குறைவு.

இங்கே ஒரு நியாயமான சந்தேகம் எழ வேண்டும். ஆரோக்கியமாக இருப்பவர்தானே நடக்கிறார்? முன்பே நலிந்தவர் நடக்க முடியாமல் இருக்கிறார், அவருக்கே நோயும் முற்றுகிறது. இதில் பயிற்சிக்கு என்ன பெருமை? சந்தேகம் சரிதான். வயது, எடை, வேறு நோய்கள் எல்லாவற்றையும் கணக்கில் கழித்தாலும் இப்படிப்பட்ட கவனிப்பு ஆய்வுகளில் கொஞ்சம் கலப்படம் மிச்சமிருக்கும். எனவே "2.49 மடங்கு" என்பதை அப்படியே பயிற்சியின் பலன் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆனால் சீட்டுக் குலுக்கிப் போட்டுப் பிரித்த சோதனைகளும் அதே திசையைக் காட்டுகின்றன. உடலுக்குள் நடப்பதும் அதற்குப் பொருந்திவருகிறது. உள்ளே நடப்பதைப் புரிந்துகொண்டால் எப்போது நடக்கலாம், எப்போது படுக்க வேண்டும் என்பதும் தானாகவே விளங்கும்.

உள்ளே என்ன மாறுகிறது

முதலில் கையிருப்பு. சும்மா உட்கார்ந்திருக்கும்போது உடல் எடையில் கிலோவுக்கு நிமிடத்துக்கு சுமார் 3.5 மில்லிலிட்டர் ஆக்சிஜன் செலவாகிறது. இதை 1 மெட் என்பார்கள். மெதுவாக மாடிப்படி ஏற 4 மெட் தேவை. நெடுங்காலம் அசையாமல் இருந்த ஒருவரின் உச்சத்திறன் 5 மெட் என்று வையுங்கள். நன்றாகப் பழகிய இன்னொருவருக்கு 10 மெட். ஆரோக்கியமாக இருக்கும்போது இருவரும் படி ஏறிவிடுவார்கள், ஆனால் முதலாமவர் தன் திறனில் 80 சதவீதத்தைச் செலவழித்து ஏறுகிறார். இப்போது இருவருக்கும் நிமோனியா வந்து ஆளுக்கு 2 மெட் குறைகிறது என்று கணக்குப் போடுங்கள். முதலாமவருக்கு மிச்சம் 3; படி ஏறுவது அவரால் ஆகாது, கழிப்பறைக்குப் போய்வருவதே மலைப்பு. இரண்டாமவருக்கு 8 மிச்சம். அதோடு காய்ச்சலும் சேர்கிறது: வெப்பம் 1 டிகிரி செல்சியஸ் ஏறினால் ஆக்சிஜன் தேவை ஏறத்தாழ 10 சதவீதம் ஏறும், நாடியும் கூடும். வரவு குறையும் நேரத்தில் செலவு கூடுகிறது. ஒரே வைரஸ் ஒருவரை வீட்டிலும் இன்னொருவரை ஆஸ்பத்திரிக் கட்டிலிலும் வைப்பதற்கு இந்த இடைவெளி ஒரு முக்கியக் காரணம்.

அடுத்தது அழற்சி. ஃப்ளூவிலும் கோவிட்டிலும் நிலைமை மோசமாகும் பலருக்கு, வைரஸ் செய்யும் சேதத்தைவிட அதை எதிர்த்து உடல் கட்டுக்கடங்காமல் எழுப்பும் அழற்சியே நுரையீரலைப் பாழாக்குகிறது. வயிற்றுக்குள் உறுப்புகளைச் சுற்றிப் படியும் கொழுப்பு, நோய் இல்லாத நாட்களிலும் அழற்சிப் பொருட்களைச் சிறிது சிறிதாகக் கசியவிட்டுக்கொண்டே இருக்கும். இயங்கும் தசை அதற்கு எதிர்வேலை செய்கிறது. டென்மார்க்கின் கோபன்ஹேகனில் பென்டே பெடர்சன் குழு காட்டியது இதைத்தான்: தசை சுருங்கும்போது இன்டர்லூகின்-6 என்ற பொருளை ரத்தத்தில் விடுகிறது, அதைத் தொடர்ந்து அழற்சியை அடக்கும் இன்டர்லூகின்-10 போன்றவை கூடுகின்றன. ஒவ்வொரு முறை நடந்து முடித்ததும் சில மணி நேரம் நீடிக்கும் இந்த அடக்கம், மாதக்கணக்கில் தொடர்ந்தால் அழற்சியின் அடிப்படை அளவையே இறக்கிவிடுகிறது. வயிற்றுக் கொழுப்பு குறைவது, இன்சுலின் நன்றாக வேலை செய்வது இரண்டும் இதோடு சேர்ந்து வரும். தொற்று வந்த நாட்களில் ரத்தச் சர்க்கரை எகிறுவது நோயை முற்றச் செய்யும் என்பதால், சர்க்கரைநோய் உள்ளவர்களுக்கு இந்தக் கடைசிப் பலன்தான் மிகப் பெரியது என்பது என் கணிப்பு.

மூன்றாவது, காவல் அணுக்களின் நடமாட்டம். வேகமாக நடக்கத் தொடங்கிய சில நிமிடங்களிலேயே அட்ரினலின் தூண்டி, இயற்கைக் கொல்லி அணுக்களும் சில வகை டி அணுக்களும் ரத்தக்குழாய்ச் சுவர்களையும் மண்ணீரலையும் விட்டு ரத்த ஓட்டத்துக்குள் இறங்குகின்றன. நடை முடிந்த ஒன்றிரண்டு மணி நேரத்தில் அவற்றின் எண்ணிக்கை ரத்தத்தில் வழக்கத்தைவிடக் கீழே போகும். முன்பு இதைப் பார்த்துவிட்டு "கடும் பயிற்சிக்குப் பின் எதிர்ப்புச்சக்தி சரிகிறது" என்றார்கள். அந்த அணுக்கள் அழியவில்லை, நுரையீரல், குடல் போன்ற இடங்களுக்கு ரோந்து போயிருக்கின்றன என்பது ஜான் கேம்பெல், ஜேம்ஸ் டர்னர் இருவரும் 2018-ல் விரிவாக வைத்த வாதம். விவாதம் இன்னும் முற்றிலும் ஓயவில்லை. என் மனம் அவர்கள் பக்கம்தான் சாய்கிறது.

அப்படியானால் மராத்தான் ஓடியவர்களுக்கு ஏன் சளி பிடிக்கிறது? 1987 லாஸ் ஏஞ்சலஸ் மராத்தானை முடித்தவர்களில் 12.9 சதவீதம் பேர் அடுத்த வாரத்தில் சளி, காய்ச்சல் என்றார்கள். அதே அளவு பயிற்சி எடுத்தும் அன்று ஓடாதவர்களில் 2.2 சதவீதம்தான். பயிற்சி கூடினால் ஆபத்து என்ற எண்ணம் வேரூன்ற இந்த எண்களும் ஒரு காரணம். ஆனால் அது ஓடியவர்களே சொன்ன அறிகுறிக் கணக்கு, ஆய்வகத்தில் வைரஸை உறுதிசெய்தது இல்லை. ஆயிரக்கணக்கானோர் நெருக்கம், பயணம், பந்தயத்துக்கு முந்தைய இரவின் அரைத்தூக்கம் எல்லாம் அதற்குள் உண்டு. தூக்கத்தைச் சாதாரணமாக எண்ண வேண்டாம்: சளி வைரஸை வேண்டுமென்றே மூக்கில் விட்டுப் பார்த்த 2015-ன் சோதனையில், இரவு 6 மணி நேரத்துக்குக் குறைவாகத் தூங்கியவர்களுக்குச் சளி பிடிக்கும் வாய்ப்பு 7 மணி நேரத்துக்கு மேல் தூங்கியவர்களைவிட 4 மடங்குக்கும் மேல். அதிகாலையில் எழுந்து ஓட வேண்டும் என்பதற்காகத் தூக்கத்தை 5 மணி நேரமாகச் சுருக்குவது நஷ்டக் கணக்கு.

எவ்வளவு, எப்படி

உலக சுகாதார நிறுவனத்தின் 2020 வழிகாட்டுதல்: வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் நடுத்தர வேகம், அல்லது 75 முதல் 150 நிமிடம் கடும் வேகம், அதோடு இரண்டு நாள் தசைவலுப் பயிற்சி. 65 வயதைத் தாண்டியவர்கள் வாரம் மூன்று நாளாவது சமநிலைப் பயிற்சியும் சேர்க்க வேண்டும்.

இதில் பெரும்பாலானோர் தவறுவது வேகத்தில். அரைமணி நேரம் பேசிக்கொண்டே உலாவிவிட்டு அதை 30 நிமிடமாகக் கணக்கில் சேர்க்கிறார்கள். நடுத்தர வேகம் என்றால் முழு வாக்கியம் பேச முடியும், ஆனால் பாட முடியாது. பாட முடிந்தால் வேகம் போதாது. நாலு வார்த்தைக்கு ஒருமுறை மூச்சு வாங்கினால் அது கடும் வேகம். நாடிக் கணக்கு வேண்டும் என்பவர்கள் 220-லிருந்து வயதைக் கழித்து, அதில் 64 முதல் 76 சதவீதத்துக்குள் நிற்கலாம். 50 வயதுக்காரருக்கு இது நிமிடத்துக்கு 109 முதல் 129 வரை. ரத்தக்கொதிப்புக்கோ இதயத்துக்கோ பீட்டா பிளாக்கர் வகை மாத்திரை எடுப்பவர்களுக்கு நாடி அவ்வளவாக ஏறாது. அவர்கள் எண்ணைத் துரத்தினால் அளவு மீறிவிடும். பேச்சுச் சோதனையே அவர்களுக்குச் சரி.

புதிதாகத் தொடங்குபவர் முதல் வாரம் 10 நிமிட நடையை நாளுக்கு இரண்டு முறை வைத்துக்கொள்ளலாம். முதல் 3 நிமிடம் மெதுவாக, நடுவில் 5 நிமிடம் பேச்சுச் சோதனை அளவுக்கு, கடைசி 2 நிமிடம் மீண்டும் மெதுவாக. வாரத்துக்கு ஒருமுறை நடுப்பகுதியை மட்டும் 2, 3 நிமிடம் நீட்டுங்கள். இரண்டு, மூன்று மாதத்தில் ஐந்து நாள், நாளுக்கு 30 நிமிடம் என்ற இடத்துக்கு வலி இல்லாமல் வந்துவிடலாம். மூன்றாவது வாரத்தில் உற்சாகத்தில் இரட்டிப்பாக்குபவர்களுக்குத்தான் முழங்காலும் கெண்டைக்காலும் பிடித்துக்கொண்டு, மொத்தமும் நின்றுபோகிறது.

தசைவலுப் பயிற்சிக்கு ஜிம் தேவையில்லை. கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுந்து உட்காருவது, சுவரில் கை வைத்துத் தள்ளுவது, குதிகாலை உயர்த்தி இறக்குவது, தண்ணீர் நிரப்பிய பாட்டிலைக் குனிந்த நிலையில் இடுப்பு நோக்கி இழுப்பது. ஒவ்வொன்றும் 10 முறை, இரண்டு சுற்று, நடுவில் ஒரு நிமிடம் ஓய்வு. கடைசி இரண்டு முறை சிரமமாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் நாற்காலியின் உயரத்தைக் குறையுங்கள் அல்லது பாட்டிலின் எடையைக் கூட்டுங்கள். மூச்சை அடக்காதீர்கள், தூக்கும்போது வெளியே விடுங்கள். சுவாச நோய்க்கும் தொடைத் தசைக்கும் என்ன தொடர்பு என்று கேட்டால்: படுக்கையில் விழும் நாட்களில் உடல் முதலில் கரைப்பது அந்தத் தசையைத்தான், பின்னால் எழுந்து நிற்கத் தேவைப்படுவதும் அதுவேதான்.

இந்த மாற்றங்கள் உருவாக 8 முதல் 12 வாரம் பிடிக்கும். நிறுத்தினால் இரண்டு வாரத்திலேயே இறங்கத் தொடங்கிவிடும். ஃப்ளூ பரவும் பருவத்துக்கு மூன்று மாதம் முன்பே தொடங்கியிருக்க வேண்டும் என்பதன் பொருள் இதுதான். ஊரெல்லாம் இருமும்போது அவசரமாக ஓடத் தொடங்குவதால் அந்தப் பருவத்துக்குப் பெரிதாக ஒன்றும் கிடைக்காது. அடுத்த பருவத்துக்கு உதவும்.

எங்கே செய்கிறோம் என்பதும் முக்கியம். ஓய்வில் நிமிடத்துக்கு 6 முதல் 8 லிட்டர் காற்றை இழுக்கும் நுரையீரல், கடும் பயிற்சியில் 60 லிட்டருக்கு மேல் இழுக்கும். சன்னல் மூடிய அறையில் பத்துப் பேர் மூச்சிரைக்கச் செய்யும் வகுப்பில் ஒருவருக்குத் தொற்று இருந்தால் போதும். பரவல் உள்ள வாரங்களில் திறந்தவெளியே நல்லது.

அதிகம் செய்தால் அதிகப் பலன் என்ற கணக்கும் எல்லா இடத்திலும் பொருந்தாது. ஹாங்காங்கில் 1998-ல் இறந்த 24,656 பேரின் விவரங்களை ஃப்ளூ பரவிய நாட்களோடு ஒப்பிட்டார்கள். ஒருபோதும் பயிற்சி செய்யாதவர்களைவிட, அளவாகச் செய்தவர்களுக்கு ஃப்ளூவையொட்டிய மரண ஆபத்து குறைவாக இருந்தது. மிக அடிக்கடி செய்தவர்களுக்கு அந்தப் பலன் தெளிவாகத் தெரியவில்லை. பெரும்பாலோருக்கு 150 முதல் 300 நிமிடம் என்ற எல்லையே போதும்.

தடுப்பூசியையும் இதோடு சேர்த்துச் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஒன்று மற்றொன்றுக்கு மாற்றாகாது. தென்னாப்பிரிக்காவில் சுகாதாரப் பணியாளர்களிடம் ஜான்சன் அண்ட் ஜான்சன் கோவிட் தடுப்பூசியின் பலனை அளந்தபோது, மருத்துவமனைச் சேர்க்கையைத் தடுக்கும் திறன் வாரம் 60 நிமிடத்துக்குக் குறைவாக இயங்கியவர்களிடம் சுமார் 60 சதவீதம், 150 நிமிடத்தைத் தாண்டியவர்களிடம் சுமார் 86 சதவீதம். ஊசி போட்ட அன்று காய்ச்சலோ அசதியோ இல்லாவிட்டால் வழக்கமான நடையைத் தவிர்க்கக் காரணமில்லை.

காய்ச்சல் வந்துவிட்டால்

இங்கே விதி தலைகீழாகிறது. "வியர்க்க ஓடினால் காய்ச்சல் இறங்கிவிடும்" என்பது ஆபத்தான நம்பிக்கை. 1940-களில் பிரிட்டனில் போலியோ நோயாளிகளைக் கவனித்த ரிச்சி ரஸ்ஸல், காய்ச்சல் தொடங்கிய நாட்களில் உடலை வருத்தி வேலை செய்தவர்களுக்கே முடக்கம் கடுமையாக வந்தது என்று பதிவுசெய்தார். காக்ஸாக்கி வைரஸ் செலுத்திய எலிகளை நீந்தவிட்ட சோதனைகளில், இதயத்தில் வைரஸ் பெருகி, ஓய்வில் இருந்தவற்றைவிட அதிக எலிகள் இறந்தன. காக்ஸாக்கி, ஃப்ளூ, கோவிட் வைரஸ்கள் மூன்றுமே மனிதரிலும் எப்போதாவது இதயத்தசையில் அழற்சியை உண்டாக்கும். அந்நேரத்தில் இதயத்தை விரட்டினால் துடிப்பு தாறுமாறாகி உயிரே போகலாம். இது அடிக்கடி நடப்பதில்லை. ஆனால் நடப்பது பெரும்பாலும் நல்ல உடல்வாகு உள்ள இளைஞர்களுக்கு, அதுவும் "ஒரு நாள்கூட விடக்கூடாது" என்ற பிடிவாதத்தால்.

முடிவெடுக்க எளிய வழி கழுத்துக் கோடு. மூக்கொழுகல், தும்மல், லேசான தொண்டைக் கரகரப்பு என்று எல்லாம் கழுத்துக்கு மேலே இருந்தால், வழக்கமான நடையைப் பாதி வேகத்தில் 10 நிமிடம் முயன்று பார்க்கலாம். தலை கனத்தால் திரும்பிவிடுங்கள். சாதாரணச் சளி வைரஸ் செலுத்தப்பட்ட கல்லூரி மாணவர்களை அளவான வேகத்தில் பயிற்சி செய்யவைத்த 1998-ன் சோதனையில் சளி கூடவும் இல்லை, சீக்கிரம் குணமாகவும் இல்லை. எனவே செய்தால் தவறில்லை, விட்டாலும் நஷ்டமில்லை. காய்ச்சல், உடல்வலி, நெஞ்சில் இறுக்கம், ஆழமான இருமல், வயிற்றுப்போக்கு என்று கழுத்துக்குக் கீழே ஏதாவது இருந்தால் முழு ஓய்வு.

ஆனால் இந்தக் கோட்டுக்கு ஒரு ஓட்டை உண்டு. ஃப்ளூவும் கோவிட்டும்கூட முதல் நாள் வெறும் தொண்டைக் கரகரப்பாகத் தொடங்கலாம். ஆகவே முதல் அறிகுறி தெரிந்ததும் 24 முதல் 48 மணி நேரம் பொறுத்திருந்து, நோய் எந்தப் பக்கம் போகிறது என்று பார்த்தபின் முடிவு செய்வதே நல்லது. பாராசிட்டமால் போட்டுவிட்டு "காய்ச்சல் இல்லை" என்று கிளம்புவது இன்னொரு ஓட்டை. மாத்திரை இல்லாமல் 24 மணி நேரம் வெப்பம் ஏறாமல் இருந்தால்தான் காய்ச்சல் விட்டதாகப் பொருள். நல்ல நாட்களிலேயே காலையில் எழுந்தவுடன் படுக்கையில் இருந்தபடி நாடியை எண்ணிக் குறித்துவையுங்கள். வழக்கத்தைவிட 10 துடிப்புக்கு மேல் கூடியிருந்தால், வேறு அறிகுறி இல்லாவிட்டாலும் அன்று ஓய்வு.

முழு ஓய்வு என்பது அசையாமல் கிடப்பதும் இல்லை. 1966-ல் டல்லஸில் 20 வயது இளைஞர்கள் ஐவரை 3 வாரம் படுக்கையிலேயே வைத்தபோது அவர்களின் ஆக்சிஜன் உச்சத்திறன் 27 சதவீதம் சரிந்தது. 30 ஆண்டு கழித்து அதே ஐவரை அளந்தபோதும் அந்த அளவுக்கு அது இறங்கியிருக்கவில்லை. ஆரோக்கியமான முதியவர்களை 10 நாள் படுக்கவைத்த ஆய்வில் கால்களிலிருந்து மட்டும் கிட்டத்தட்ட 1 கிலோ தசை போனது. காய்ச்சல் உச்சத்தில் இருக்கும்போது தூங்குங்கள், தண்ணீர் குடியுங்கள், அதுவே போதும். வெப்பம் இறங்கியதும், விழித்திருக்கும் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் ஒருமுறை எழுந்து உட்காருங்கள். பாதத்தை மேலும் கீழுமாக 20 முறை அசையுங்கள். சாப்பாட்டைப் படுக்கையில் முடிக்காமல் நாற்காலிக்குப் போங்கள். நிமிர்ந்து உட்கார்ந்தால் நுரையீரலின் அடிப்பகுதி விரியும், சளியை இருமித் துப்புவதும் எளிது. வீட்டில் ஆக்சிமீட்டர் இருந்தால் ஓய்வில் அளவு பாருங்கள். 94-க்குக் கீழே இறங்கினாலோ, உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ, நெஞ்சு வலித்தாலோ, குழப்பமாகப் பேசினாலோ, உதடு நீலம்பாரித்தாலோ உடனே மருத்துவமனை. முன்பே நாள்பட்ட நுரையீரல் நோய் உள்ளவர்களுக்கு இந்த எண் வேறாக இருக்கும். நல்ல நாளிலேயே மருத்துவரிடம் கேட்டுவையுங்கள்.

திரும்பி வருவது

சாதாரணச் சளி என்றால் அறிகுறி மறைந்தபின் முதல் இரண்டு நாள் பாதி அளவு, பிறகு வழக்கம்போல். காய்ச்சலோடு வந்த ஃப்ளூ, கோவிட் என்றால் பொறுமை வேண்டும். அறிகுறி எல்லாம் நின்று 7 நாள் ஆனபின் தொடங்குவது பாதுகாப்பான கணக்கு. அந்த 7 நாளில் வீட்டுக்குள் நடமாட்டமும் வழக்கமான சிறு வேலைகளும் போதும்.

தொடங்கும் வாரம் சமதரையில் 10 முதல் 15 நிமிட நடை, பாடக்கூட முடியும் அளவுக்கு மெதுவாக. 0 முதல் 10 வரையிலான சிரம அளவில் 2-ஐத் தாண்டாமல் இருக்க வேண்டும். இரண்டாம் வாரம் அதே மெதுவான வேகத்தில் நேரத்தை மட்டும் 30 நிமிடம் வரை நீட்டுங்கள். வேகத்தைத் தொடுவது மூன்றாம் வாரம்தான்: 5 நிமிடம் விறுவிறுப்பு, 5 நிமிடம் மெதுவாக, மீண்டும் 5 நிமிடம் விறுவிறுப்பு, முடிந்தால் ஒரு நாள் விட்டு ஒரு நாள் இன்னொரு சுற்று. நான்காம் வாரம் தசைவலுப் பயிற்சியைப் பழைய அளவில் பாதியாகச் சேர்க்கலாம். ஒரு படியிலிருந்து அடுத்ததற்குப் போக இரண்டு கேள்வி. பயிற்சி முடிந்து ஒரு மணி நேரத்தில் இயல்பாகிவிட்டீர்களா? மறுநாள் காலை நாடி வழக்கமான அளவில்தான் இருக்கிறதா? இரண்டில் ஒன்றுக்கு இல்லை என்றாலும் முந்தைய படியிலேயே இன்னொரு வாரம். நடுவில் நெஞ்சுவலி, படபடப்பு, தலைசுற்றல், மயக்கம், வழக்கத்துக்கு மீறிய மூச்சிரைப்பு ஏதாவது வந்தால் அன்றே நிறுத்தி, இ.சி.ஜி. எடுத்துப் பார்க்கும் வரை திரும்பத் தொடங்கக்கூடாது.

சிலருக்கு இந்தப் படிகளே பொருந்தாது. நடந்தபோது நன்றாகத்தான் இருக்கும்; ஒன்று முதல் மூன்று நாள் கழித்து உடல் அடித்துப்போட்டதுபோல் ஆகி, மறதி, தலைவலி, தூக்கம் கலைவது எல்லாம் சேர்ந்து வந்து நாட்கணக்கில் நீடிக்கும். கோவிட்டுக்குப் பின் நீடிக்கும் தொல்லைகளில் இது முக்கியமானது. சோம்பல் என்று நினைத்து மேலும் முடுக்கினால் நிலை இன்னும் சரியும். அப்படிப்பட்டவர்களுக்குப் படிப்படியாகக் கூட்டும் பயிற்சி கூடாது. தினம் செய்த வேலைகளையும், அதற்கடுத்த மூன்று நாள் உடல்நிலையையும் ஒரு நோட்டில் இரண்டு வாரம் எழுதுங்கள். எந்த அளவு வரை செய்தால் பின்விளைவு வரவில்லை என்பது அதில் தெரியும். அந்த அளவுக்குச் சற்றுக் கீழேயே நில்லுங்கள். வேலைகளைத் துண்டு துண்டாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் நடுவே களைப்பு வரும் முன்பே படுத்து ஓய்வெடுங்கள். குளிப்பது, காய் நறுக்குவது போன்றவற்றைக்கூட உட்கார்ந்தபடி செய்யுங்கள். பின்விளைவே இல்லாமல் சில வாரங்கள் போனபின், மருத்துவரின் கவனிப்பில், ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் சிறிதளவு கூட்டிப் பாருங்கள். கூட்டிய பின் மூன்று நாள் முழுதாகக் காத்திருக்காமல் அடுத்ததைக் கூட்ட வேண்டாம்.